சில்காவுக்கு ரயில் ஏறுவதற்கு முன்

போன மாதம் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா தன் மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் உள்ள என் கண் பரிசோதனை அறைக்கு வந்தார். கடற்படைத் தேர்வில் எழுத்து, ஓட்டம் எல்லாம் தேறி, ஒடிசாவில் உள்ள கடற்படைப் பயிற்சித் தளமான ஐ.என்.எஸ். சில்கா வரைக்கும் போனவன். அங்கே இறுதி மருத்துவப் பரிசோதனையில் நிறப்பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் சொல்லி, கோயிலில் பொங்கல் வைத்து அனுப்பிய பிள்ளை பதினைந்தே நாளில் பெட்டியோடு வந்து நிற்கிறான்.

எனக்கு அந்த வாசல் நன்றாகத் தெரியும். 1990-களின் தொடக்கத்தில் நானும் அங்கேதான் போய் இறங்கினேன். பயிற்சி முடித்து மெடிக்கல் அசிஸ்டென்ட் ஆகி, பிறகு சில வருடம் அதே தளத்தின் நிவாரிணி மருத்துவமனையிலும் வேலை பார்த்தேன். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பையன்கள் திரும்பி அனுப்பப்படும்போது தமிழில் விஷயத்தைச் சொல்லும் வேலை பெரும்பாலும் என்னிடம்தான் வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சில்கா என்றால் என்ன என்றே தெரியாமல் பல வீட்டில் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். கடற்படையில் அதிகாரியாக இல்லாமல் மாலுமியாகச் சேருகிறவர்களுக்கு அதுதான் முதல் வாசல். கடலோரக் காவல்படைக்குப் போகிற, நாவிக் என்று சொல்லும் மாலுமிகளுக்கும் அங்கேதான் அடிப்படைப் பயிற்சி. வெள்ளைக்காரன் காலத்தில் மாலுமிச் சிறுவர்களுக்கான பயிற்சித் தளம் கராச்சி மனோராவில் இருந்தது. பிரிவினையில் அது பாகிஸ்தானோடு போய்விட, இங்கே விசாகப்பட்டினத்தில் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். அப்புறம் 1980 பிப்ரவரி 21-இல் சில்கா ஏரிக்கரையில், ஒரு பக்கம் மலையும் ஒரு பக்கம் உப்பங்கழியுமான இடத்தில் இந்தத் தளத்தைத் தொடங்கினார்கள். பரேடு, நீச்சல், துப்பாக்கி, கயிறு முடிச்சு, படகு, கூடவே இந்தி, எல்லாவற்றையும் அங்கே கற்றுக்கொண்ட பிறகுதான் மின்சாரப் பிரிவுக்காரன் ஜாம்நகர் வல்சுரா தளத்துக்கும், என்ஜின்காரன் லோனாவாலா சிவாஜி தளத்துக்கும், எங்களைப் போன்றவர்கள் மும்பை அஸ்வினி மருத்துவமனைக்கும் பிரிந்து போவோம். நான்கு வருடத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்த பிறகு முதல் அணி 2023 மார்ச் 28-இல் வெளியேறியது. ஏறத்தாழ 2,600 பேர், அதில் 270-க்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். சூரியன் மறைந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் அணிவகுப்பு நடந்தது. செல்போனில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடற்படை ஆசை வருவதில் ஆச்சரியமே இல்லை. விஜயநாராயணம் பக்கம் போகிறவர்கள் அந்த உயர்ந்த கோபுரங்களைப் பார்க்காமல் போக முடியாது. அதுதான் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப 1990-இல் தொடங்கிய தளம்.

சரி, அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். இஷிஹாரா புத்தகத்தை விரித்தேன், புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகம். முதல் பக்கத்தில் வரும் 12 எல்லோருக்கும் தெரியும், அவனும் சொன்னான். அடுத்தடுத்த பக்கங்களையும் கடகடவென்று சொன்னான். வரிசையை மாற்றிக் காட்டினேன், அவ்வளவுதான், விரலை வைத்துத் தடவத் தொடங்கிவிட்டான். யாரோ ஒரு ஆள் காசு வாங்கிக்கொண்டு பக்க வரிசையை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார், முதல் பரிசோதனையை அதை வைத்தே தாண்டியிருக்கிறான். இதைச் செய்கிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. தயவுசெய்து அவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கறார் என்று அந்த அம்மா கேட்டார். இரவில் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு எரியும், வலப்பக்கம் பச்சை. குறுக்கே வருகிற கப்பலின் சிவப்பு நமக்குத் தெரிந்தால் அது நம் வலப்பக்கமிருந்து வருகிறது, வழிவிட வேண்டியது நாம். பச்சை தெரிந்தால் அவர்கள் விட வேண்டும். இருட்டில் அந்தச் சின்ன வெளிச்சத்தின் நிறத்தை வைத்துத்தான் பல நூறு பேர் உயிரைச் சுமக்கும் கப்பலைத் திருப்புகிறார்கள். நிறக்குறைபாட்டில் பெரும்பாலும் குழம்புவதே இந்தச் சிவப்பும் பச்சையும்தான்.

சொல்லி முடித்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "எங்க அண்ணனும் சின்ன வயசுல மிளகாய்த் தோட்டத்துல பழம் எது காய் எதுன்னு தெரியாம சேத்துப் பறிச்சிட்டு வருவான் சார், எங்க அய்யா அடிப்பாவ" என்றார்.

அதுதான் விஷயம். இந்தக் குறைபாடு பையனுக்கு அம்மா வழியில் வருகிறது. அம்மாவுக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது, ஆனால் தாய்மாமனுக்கோ அம்மாவின் அப்பாவுக்கோ இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் பையனை எட்டாம் வகுப்பிலேயே ஒரு தடவை சோதித்துவிடுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் கேட்டாலே பார்த்துச் சொல்வார்கள். பிறவியிலேயே இப்படி இருந்தால் மாத்திரையோ ஆபரேஷனோ கிடையாது. ஆனால் பதின்மூன்று வயதில் தெரிந்தால் நிறம் தடையாக இல்லாத எத்தனையோ வேலைக்குப் படிக்கலாம். பத்தொன்பது வயதில், அதுவும் ஊரே வழியனுப்பிய பிறகு சில்காவில் தெரிய வந்தால் அந்தப் பிள்ளை எதைத் தாங்குவான்?

சரிசெய்யக்கூடிய குறைகளுக்காகத் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். காதில் குறும்பி அடைத்திருந்தால் செவிப்பறை தெரியாது. பல்லில் காரை படிந்திருக்கும். இரண்டையும் முன்கூட்டியே சுத்தம் செய்துகொண்டு வரச் சொல்லி அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள், அதை யாரும் வாசிப்பதில்லை. காதில் சீழ் வந்த பிள்ளையென்றால் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். விரைவீக்கமும் அப்படித்தான், வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். அப்புறம் பச்சை குத்துவது. முன்கையின் உள்பக்கம் தவிர நெஞ்சிலும் தோளிலும் பெயர் எழுதிக்கொள்கிற தம்பிகள், எந்த இடத்தில் அனுமதி என்று வாசித்துவிட்டுப் போங்கள்.

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா இளைய மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார், ஒன்பதாம் வகுப்பு. புத்தகத்தை வேண்டுமென்றே நடுவில் திறந்து, முன்னும் பின்னும் மாற்றி மாற்றிக் காட்டினேன். ஒன்று விடாமல் சொன்னான். கூடவே வந்திருந்த அண்ணன் தம்பியின் தோளில் கை போட்டு, "நீச்சல் கத்துக்கோல" என்றான்.