காசின் மேல் விழும் அடி

பூவா தலையா என்று காசைச் சுண்டும்போதே நாணயச் சேகரிப்பின் முதல் இரண்டு கலைச்சொற்களைத் தொட்டுவிடுகிறோம். ஆட்சியாளரின் உருவமோ அரசின் சின்னமோ உள்ள பக்கத்தைச் சேகரிப்பாளர்கள் முன்புறம் என்றும் மற்றதைப் பின்புறம் என்றும் குறிப்பிடுவர். இந்தியக் காசுகளின் முன்புறத்தில் பிரிட்டிஷ் மன்னரின் தலை இருந்த இடத்துக்கு 1950-இல் அசோகத் தூணின் சிங்கங்கள் வந்தன.

மற்ற சொற்களில் பல, அக்கசாலையில் காசு அடிக்கப்படும் அந்த ஒரு கணத்தில் பிறந்தவை. எதுவும் பொறிக்கப்படாத வட்ட உலோகத் துண்டுக்கு வில்லை என்று பெயர். உருவம் இடவலம் மாறிப் பள்ளமாகச் செதுக்கப்பட்ட இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வில்லையை வைத்து அழுத்தும்போது, உலோகம் உருகாமலேயே பிசைந்த மாவைப் போல நகர்ந்து பள்ளங்களை நிரப்புகிறது. அப்படி நகர்ந்த தடம், விளிம்பை நோக்கி ஓடும் நுண்கோடுகளாகப் பரப்பில் தங்கிவிடும். புதிய காசை விளக்கொளியில் சாய்த்துச் சுழற்றினால் சக்கரத்தின் ஆரங்களைப் போல ஒளிப்பட்டைகள் சுற்றி வருவது இந்தக் கோடுகளால்தான். இதையே லஸ்டர், அதாவது மினுமினுப்பு என்கிறார்கள்.

மன்னரின் புருவம் மழுங்கியிருந்தால், அது கைமாறிக் கைமாறித் தேய்ந்ததா, அடி போதாமல் முதலிலேயே எழும்பாததா என்ற கேள்வி எழும். தேய்ந்த இடத்தில் ஒளி மங்கிக் கிடக்கும்; அடி போதாத இடத்தில் பெரும்பாலும் மினுமினுப்பு மிச்சமிருக்கும். புழங்காத காசு என்ற தரமும் இதைப் பார்த்தே தரப்படுகிறது. எனவே பழங்காசைப் புளி போட்டுத் தேய்ப்பவர் தம் கையாலேயே அதன் விலையைக் குறைக்கிறார்: அமிலமும் தேய்ப்பும் நுண்கோடுகளை அரித்துவிட, பளபளப்பு கூடி மினுமினுப்பு போய்விடுகிறது. குத்துவிளக்குக்குச் செய்யும் உபசாரம் காசுக்கு ஆகாது.

பிழைக் காசுகளில் மிக விசித்திரமானது ப்ரோக்கேஜ். அடித்த காசு பின்புற அச்சிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் அடுத்த வில்லையையும் வைத்து அடித்துவிட்டால், ஒட்டிய காசே அச்சாகிவிடும். புதிய காசின் ஒரு பக்கத்தில் தலை மேடாகவும், மறுபக்கத்தில் அதே தலை இடவலம் மாறிப் பள்ளமாகவும் பதியும்.

அச்சில் வேண்டுமென்றே இடும் அடையாளமும் உண்டு. அதற்கு அக்கசாலைக் குறி என்று பெயர். இன்றைய இந்தியக் காசுகளில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். பொதுவாக வைர வடிவம் மும்பையையும், நட்சத்திரம் ஹைதராபாத்தையும், வட்டப் புள்ளி நொய்டாவையும் காட்டும். ஒன்றுமே இல்லையென்றால் அது கொல்கத்தாவில் அடித்த காசு.