இஜிஆர் வால்வை மாற்றச் சொன்னால்

காரின் கோளாறைக் காட்டும் ஸ்கேனரில் பி0401 என்ற கோளாறு எண் (கோடு) வந்தவுடனே, "இஜிஆர் வால்வு போச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்று மெக்கானிக்குகள் சொல்லிவிடுகிறார்கள். இன்ஜினுக்குத் திரும்பி வரவேண்டிய புகை போதிய அளவு வரவில்லை, அந்தக் கோடுக்கு அவ்வளவுதான் பொருள். வழியில் கரி அடைத்திருந்தாலும் அதே கோடு வரும். வால்வை இழுத்துத் திறக்கும் வேக்குவம் (உறிஞ்சு விசை) குழாய் விரிசல் விட்டிருந்தாலும் வரும்.

எரிந்து முடிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்புவதுதான் இந்த வால்வின் வேலை. சிலிண்டருக்குள் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் வேகமாகக் கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகளாகும். திரும்பி வரும் புகையில் ஆக்ஸிஜன் குறைவு. அதிலுள்ள கரியமில வாயுவும் நீராவியும் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் உச்ச வெப்பம் இறங்கிவிடும். தொந்தரவே வேண்டாமென்று தகடு வைத்து வழியை அடைத்துக்கொடுப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். நைட்ரஜன் ஆக்ஸைடு நுரையீரலைப் புண்ணாக்கும். வெயிலில் ஓசோன் உருவாகவும் காரணமாகும். வடசென்னையில் மணலி, எண்ணூர் பக்கம் ஆலைப்புகையே போதும் போதும் என்றிருக்கிறது.

பெட்ரோல் காரில் ஐடிலிங்கின்போது, அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, வால்வு மூடியிருக்க வேண்டும். பல டீசல் கார்களில் அப்போதும் திறந்தே இருக்கும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் அரைமணி நேரம் ஊர்கிற டீசல் காரை நினைத்துப் பாருங்கள். புகை சூடேறாமல், கரியோடு வரும். இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவி அதில் கலந்து தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

வால்வு திறந்தபடி சிக்கினால் பெட்ரோல் வண்டி ஐடிலிங்கில் குலுங்கும், சிக்னலில் ஆஃப் ஆகும். டீசலில் கரும்புகை வரும், பிக்கப் இருக்காது. மூடியபடி சிக்கினால் பெட்ரோல் இன்ஜின் ஏற்றத்தில் தட்டும் சத்தம் தரலாம். டீசலில் ஓட்டுபவருக்கு ஒன்றுமே தெரியாமலும் போகலாம்.

சரி, எது கெட்டது என்று எப்படிப் பிரிப்பது? வேக்குவத்தில் இயங்கும் பழைய வகை பெட்ரோல் வண்டி என்றால் வேக்குவத்தை முள்ளில் காட்டும் கைப்பம்பு ஒன்று போதும். இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது வால்வின் முனையில் பம்பை மாட்டி இழுங்கள். முள் நிற்காமல் இறங்கினால் உள்ளே டயாஃபிரம் என்ற சவ்வு கிழிந்திருக்கலாம். முள் நின்று, இன்ஜினும் திணறினால் வால்வும் வழியும் நன்றாக இருக்கின்றன. குழாயையும், வேக்குவத்தைத் திறந்து மூடும் மின்சார சோலினாய்டையும் பாருங்கள். முள் நிற்கிறது, வால்வின் தண்டும் நகர்கிறது, ஆனால் இன்ஜின் அசைந்துகொடுக்கவில்லை என்றால் வழி அடைத்திருக்கிறது. புது வால்வு போட்டும் பயனில்லை.

மின்சார வால்வுக்கு ஸ்கேனர் வேண்டும். திறக்கச் சொன்ன அளவையும் உண்மையில் திறந்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வயரிங்கைச் சோதித்துவிட்டு வால்வைக் கழற்றலாம். பெரும்பாலும் தட்டு உட்காரும் விளிம்பில் மிளகளவு கரித்துண்டு மாட்டியிருக்கும், அதனால் முழுசாக மூடாது. கிளீனர் அடித்து ஊறவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் எடுங்கள். மோட்டார், கனெக்டர் பக்கம் கிளீனர் போகக் கூடாது. ஸ்குரூடிரைவரால் நெம்பினால் உள்ளிருக்கும் பல்சக்கரம் போய்விடும். அளவுகள் ஒத்துப்போய், டீசலில் வால்வு திறக்கும்போது உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரின் அளவு குறையவில்லை என்றால், அங்கேயும் கரி அடைப்புதான்.

திரும்ப மாட்டும்போது புது கேஸ்கெட் போடுங்கள். பல வண்டிகளில், வால்வு மூடியிருக்கும் நிலையை ஸ்கேனர் வழியாக மறுபடி பதியவைக்கவும் வேண்டும். அப்புறம் கூலன்ட் அளவையும் ஒருமுறை பாருங்கள். வெளியே கசிவே இல்லாமல் அது குறைந்துகொண்டே வந்து, சைலன்சரில் வெள்ளைப்புகையும் வந்தால், திரும்பும் புகையைக் கூலன்டால் குளிரவைக்கும் இஜிஆர் கூலரில் ஓட்டை இருக்கலாம். அதைச் சரிபார்க்காமல் வண்டியை ஓட்டாதீர்கள்.