வடிசக்கை: ‘டிடிஜிஎஸ்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

தீவன மூடைகளில் ‘டிடிஜிஎஸ்’ என்ற எழுத்துகளை இப்போது அடிக்கடி பார்க்கலாம். உள்ளே பொன்னும் பழுப்பும் கலந்த தூள், லேசான புளிப்பு வாசம். நெல்லைச் சீமையில் இதைச் ‘சோளப் புண்ணாக்கு’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது தவறு. புண்ணாக்கு என்பது எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சுவது. மக்காச்சோள முளைக்கருவை ஆட்டிய அசல் சோளப் புண்ணாக்கு தனியே இருக்கிறது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை வாங்கினால் தீவனக் கணக்கு முழுக்கப் பிசகிவிடும்.

எழுத்துகளைப் பிரித்தால் ‘டிஸ்டில்லர்ஸ் டிரைடு கிரெயின்ஸ் வித் சொல்யூபிள்ஸ்’. எத்தனால் ஆலையில் மக்காச்சோளத்தையோ அரிசியையோ அரைத்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட் விட்டு நொதிக்க வைத்து, சாராயத்தை வடித்து எடுத்துவிடுகிறார்கள். மிச்சத்தைச் சுழற்றிப் பிரித்தால் ஒரு பக்கம் ஈரச் சக்கை, மறுபக்கம் கலங்கல் நீர். அந்த நீரைப் பதநீரைக் கூப்பனியாக, அதாவது பாகாகக் காய்ச்சுவதுபோல வற்றவைத்துச் சக்கையோடு சேர்த்து உலர்த்தினால் இந்தத் தூள். 100 கிலோ மக்காச்சோளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எத்தனால், ஒரு பங்கு கரியமில வாயு, ஒரு பங்கு இது. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் என்ற இலக்கு வந்தபின் தானிய ஆலைகள் பெருகின, இதுவும் பெருகியது.

‘டிஸ்டில்’ என்பதன் வேர் லத்தீன் ‘ஸ்டில்லா’, அதாவது துளி. துளித்துளியாக இறங்குவது. நமக்கு ‘வடி’ இருக்கிறது. சாராய ஆலைக்கு வடிசாலை என்று ஏற்கெனவே பெயர். ஆகவே வடித்தபின் மிஞ்சும் சக்கை ‘வடிசக்கை’. கசடு என்றால் அழுக்கின் வாடை அடிக்கிறது. மண்டி என்றால் நம் ஊரில் வாழைக்காய் மண்டிதான் நினைவுக்கு வரும். சக்கை என்றால் சத்தில்லாதது என்று தோன்றுமே என்று கேட்கலாம். போனது மாவுச்சத்து மட்டும்தான். புரதம், கொழுப்பு, நார் எல்லாம் அதற்குள்ளேயே தங்கி மும்மடங்காகச் செறிகின்றன. மக்காச்சோளத்தில் 8, 9 விழுக்காடாக இருந்த புரதம் வடிசக்கையில் 27 விழுக்காட்டை ஒட்டி வரும். பூஞ்சை பிடித்த சோளம் போயிருந்தால் அதன் நஞ்சும் அப்படியே மும்மடங்காகும் என்பதையும் சொல்ல வேண்டும்.

சரி, வாங்கிய சரக்கை அளப்பது எப்படி? இதற்கான அறிவியல் சொற்களைத் தேடி அலைய வேண்டாம். 21 மரக்கால் ஒரு கோட்டை என்று நெல் அளந்த ஊர் இது. தலைதட்டி அளப்பதும், குலுக்கி அளப்பதும், கூம்பாகக் குவித்து அளப்பதும் வேறு வேறு என்று களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

தலைதட்டி அளப்பதுதான் பரும அடர்த்தி. ஒரு லிட்டர் பாத்திரத்தில் புனல் வழியாகத் தூளை விட்டு, மேலே வழித்துவிட்டு நிறுத்தால் 480 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கன மீட்டருக்கு 480 கிலோ. 10 கன மீட்டர் இடத்தில் 4.8 டன் கொள்ளும். புனலின் உயரம் மாறினால் எடையும் மாறும், அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே உயரம். அப்புறம் பாத்திரத்தைத் தட்டித் தட்டி அமரவிட்டு, மீண்டும் நிரப்பி நிறுத்தால் 560 கிராம் ஆகலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 80. அதை 560ஆல் வகுத்தால் 14 விழுக்காடு. இது 15க்குள் இருந்தால் தூள் நன்றாக ஒழுகும். 25ஐத் தாண்டினால் தொட்டியின் வாயில் அடைத்துக்கொண்டு நிற்கும், கம்பு கொண்டு குத்த வேண்டியதுதான்.

தூளைத் தரையில் கொட்டினால் ஒரு சரிவோடு நிற்குமே, அந்தச் சரிவுதான் குவியல் கோணம். சில நூல்களில் ‘ஓய்வுக் கோணம்’ என்று வார்த்தைக்கு வார்த்தை மாற்றியிருப்பார்கள். களத்தில் பொலியை, அதாவது தூற்றிக் குவித்த நெல்லைக் கண்டவர்களுக்குக் குவியல் என்றாலே போதும். உயரம் 20 செ.மீ., அடிவட்டத்தின் விட்டம் 60 செ.மீ. என்றால் உயரத்தை ஆரத்தால் வகுக்க 0.67, கோணம் சுமார் 34 பாகை. 35க்குள் நல்ல ஒழுக்கு. 45ஐத் தாண்டினால் ஒட்டும் சரக்கு.

ஒட்டுவதற்குக் காரணம் வற்றவைத்துச் சேர்த்த அந்தப் பாகுதான். அதிலுள்ள சர்க்கரையும் கிளிசரினும் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தரையோடு அடுக்கிய மூடை கட்டி தட்டிவிடும். ஈரப்பதம் 10 முதல் 12 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. பூஞ்சை வருமா என்பதை மொத்த ஈரத்தைவிட நன்றாகச் சொல்லும் அளவு ‘நீர்ச்செயல்பாடு’, அதாவது எதனோடும் பிணையாமல் நிற்கும் நீர். அது 0.6க்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது.

கருவி இல்லாதவர்களுக்கு நிறம் இருக்கிறது. கரும்பழுப்பாகி, கருகல் வாசமும் அடித்தால் உலர்த்தும்போது சூடு மிஞ்சியிருக்கிறது என்று பொருள். லைசின் என்ற அமினோ அமிலம் அந்தச் சூட்டில் சர்க்கரையோடு பிணைந்துவிடும், கோழிக்கும் பன்றிக்கும் செரிக்காது. புரத அளவுச் சீட்டில் மட்டும் 27 விழுக்காடு அப்படியே இருக்கும்.