கணினி எதிராளி எப்படி முடிவெடுக்கிறது? ஒரு விண்வெளி உத்தி விளையாட்டின் கதை

கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர் நல்ல கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். விண்வெளி உத்தி விளையாட்டுகளில் நாம் காவல் வைக்க மறந்த கோளையே கணினி தேடி வந்து தாக்குகிறதே, அது நம் திட்டத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிடுகிறதா அல்லது உண்மையிலேயே சிந்திக்கிறதா என்பது அவர் ஐயம். சில விளையாட்டுகளில் கணினிக்கு மறைவான சலுகைகள் தரப்படுவது உண்மை. ஆனால் அத்தகைய மறைவு எதுவும் இல்லாமலேயே தேர்ந்த ஆட்டக்காரர்களைத் திணறடிக்கும் எதிராளியை உருவாக்க முடியும். 2009இல் வெளிவந்த 'ஏஐ வார்' என்ற விளையாட்டு அதற்குச் சிறந்த சான்று. அதை உருவாக்கியவரே தம் முறையை வெளிப்படையாக எழுதிவைத்திருப்பதால் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

இவ்வகை விளையாட்டுகளின் பொது இலக்கணம் பழையது. 1983இல் ஆஸ்திரேலியாவின் ரோஜர் கீட்டிங், இயன் ட்ரவுட் ஆகியோர் 'ரீச் ஃபார் தி ஸ்டார்ஸ்' விளையாட்டை வெளியிட்டனர். 1993இல் ஸ்டீவ் பார்சியாவின் சிம்டெக்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' வந்தது. அதில் கணினி நடத்தும் ஒவ்வொரு பேரரசுக்கும் அமைதி விரும்பி, நேர்மையாளர், கொடியவர், நிலையற்றவர் என்று ஒரு குணம் வழங்கப்பட்டது. 'ஏஐ வார்' விளையாட்டை உருவாக்கிய அமெரிக்காவின் கிறிஸ் பார்க் வந்தது வேறு வழியில். தம் தந்தையோடும் நெருங்கிய உறவினரோடும் ஒரே அணியாகச் சேர்ந்து பல ஆண்டுகள் உத்தி விளையாட்டுகளை ஆடியவர் அவர். மூவரும் தேர்ந்துவிட்ட பிறகு, கணினி அடுத்து என்ன செய்யும் என்பது முன்பே தெரிந்துபோயிற்று. சலிப்பு தட்டாத எதிராளி வேண்டும் என்ற அந்தக் குடும்பத் தேவையிலிருந்துதான் 'ஏஐ வார்' பிறந்தது.

சதுரங்கம் ஆடும் நிரலைப்போல எல்லா நகர்வுகளையும் முன்னோக்கி ஆராய்ந்து பார்த்தால் என்ன என்று கேட்கலாம். சதுரங்கத்தில் ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்வுகள் இருக்கும். விண்வெளிப் போரில் 1000 கப்பல்கள் உள்ளன என்றும், ஒவ்வொன்றுக்கும் 20 வழிகள் மட்டுமே உள்ளன என்றும் கொள்வோம். ஒரே கணத்தில் நிகழக்கூடிய சேர்க்கைகளின் எண்ணிக்கையை எழுத 1க்குப் பின்னால் ஏறத்தாழ 1300 சுழியங்கள் இட வேண்டும். நாம் காணக்கூடிய பேரண்டத்தின் அணுக்களைக் கணக்கிடவே சுமார் 80 சுழியங்கள் போதும். எனவே ஆராய்ந்து முடிக்கும் வழி அடைபட்டுவிடுகிறது.

பார்க் தேர்ந்த வழி மிக எளியது. என்னைப் பெரிதும் கவர்ந்ததும் அதுவே. எதிரிக் கோளுக்குள் நுழைந்த ஒரு கப்பல் தன் முன்னுள்ள இலக்குகள் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இடுகிறது. தன் ஆயுதம் அந்தக் கவசத்தைத் துளைக்குமா, இலக்கு எவ்வளவு தொலைவில் உள்ளது, அதை விட்டுவைத்தால் என்ன கேடு, எத்தனை குண்டுகளில் வீழும் என்பனவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துக் கிடைப்பது அந்த மதிப்பெண். பழுதுபார்க்கும் கப்பலுக்கு 90, பீரங்கி மேடைக்கு 84, மின் நிலையத்துக்கு 80, தொலைவில் சுற்றும் சிறு போர்க்கப்பலுக்கு 35 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 90ஐத் தேர்வதுதானே அறிவு என்று தோன்றும். எப்போதும் 90ஐயே தேரும் எதிராளியை இரண்டாவது ஆட்டத்திலேயே மனிதர் கண்டுகொள்வார். பழுதுபார்க்கும் கப்பல் ஒன்றைத் தூண்டில் இரையாக முன்னே நிறுத்தி, சுற்றிலும் பீரங்கிகளை மறைத்துவைப்பார். கணினியின் படை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து மடியும்.

ஆகவே உயர்ந்த மதிப்பெண் பெற்ற சில இலக்குகளை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றைக் குலுக்கல் முறையில் தேரும்படி செய்கிறார்கள். மேற்கண்ட எடுத்துக்காட்டில் முதல் மூன்றுக்குள் குலுக்கினால், இரையில் சிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. 35 பெற்ற இலக்கு ஒருபோதும் தேர்வாகாது என்பதால் கணினி முட்டாள்தனமாகவும் தெரிவதில்லை. இதற்குக் கொடுக்கும் விலை என்ன? 90, 84, 80 ஆகியவற்றின் சராசரி ஏறத்தாழ 84.7. ஐந்து மதிப்பெண்ணுக்குச் சற்றே கூடுதலாக இழந்து, எவராலும் கணிக்க முடியாத தன்மையை அது வாங்கிக்கொள்கிறது. எதிரெதிர் நலன் கொண்ட இருவர் ஆடும் ஆட்டங்களில் குலுக்கலைக் கலந்து ஆடுவதே பகுத்தறிவான உத்தியாக அமையக்கூடும் என்பதைக் கணித அறிஞர் ஜான் வான் நியூமன் 1928இலேயே கணித முறையில் நிறுவியிருந்தார். அந்தத் தேற்றத்தின் சாரம் ஒரு பொழுதுபோக்கு நிரலின் சில வரிகளில் உயிரோடு இயங்குவதைக் காண்பது எனக்குப் பேருவகை தருகிறது.

பார்க் அதற்குமுன் வணிக நிறுவனங்களுக்கான தரவுத்தள மென்பொருள் எழுதியவர். இலக்குகளை வடிகட்டு, மதிப்பெண்படி வரிசைப்படுத்து, முதல் சிலவற்றை எடு என்னும் கட்டளைகள் தரவுத்தளத்திலிருந்து வேண்டிய தகவலைக் கேட்டுப் பெறும் வினவல்களின் அதே வடிவில் அவருடைய நிரலில் அமைந்தன. திருப்பூரில் பின்னலாடைக் கணக்குக்கும் ஈரோட்டில் மஞ்சள் இருப்புக்கும் நிரல் எழுதும் இளைஞர்கள் நாள்தோறும் செய்வதும் இதே வேலைதான். ஆயினும் நம் பொறியியல் கல்லூரிகளில் விளையாட்டு எதிராளியைத் திட்டப்பணியாக எடுக்க விரும்பும் மாணவருக்கு அது வீண்வேலை என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. 2010 முதல் வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஸ்டார்கிராஃப்ட்' என்ற விண்வெளிப் போர் உத்தி விளையாட்டுக்கான நிரல்களிடையே போட்டி நடத்தினார்கள். 2019இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வு நிறுவனமான டீப்மைண்டின் ஆல்ஃபாஸ்டார் நிரல் 'ஸ்டார்கிராஃப்ட் 2' விளையாட்டில் உயர்நிலை மனித ஆட்டக்காரர்களுக்கு இணையான இடத்தை எட்டியது. அதைப் பயிற்றுவிக்கப் பெருங்கணினி வசதி தேவைப்பட்டது. அவ்வளவு வசதி கோவையில் ஒரு துறைக்குக் கிடைக்காது என்பது உண்மையே. மதிப்பெண்ணும் குலுக்கலும் கொண்ட எதிராளியை ஆராயவோ ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் கணினிகளே போதும். நம் துறைகள் இதற்குச் சிறு நிதியும் ஒரு பருவ காலமும் ஒதுக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

'ஏஐ வார்' எதிராளியின் முடிவுகள் மூன்று அடுக்குகளாகப் பிரிந்துள்ளன. எந்தக் கோளைத் தாக்குவது என்பது மேலடுக்கின் பொறுப்பு; ஓரிடத்தில் திரண்ட கூட்டம் எவ்வாறு இயங்குவது என்பது நடு அடுக்கின் பொறுப்பு; யாரைச் சுடுவது, எப்போது விலகுவது என்பதைத் தனித்தனிக் கப்பல்களே தீர்மானிக்கின்றன. பாதிப்பேர் இடப்பக்கம் சென்று திசைதிருப்புங்கள் என்ற ஆணை எங்கும் எழுதப்படவில்லை. ஆனாலும் நூற்றுக்கணக்கான கப்பல்கள் தனித்தனியே குலுக்கித் தேரும்போது சில பீரங்கியை நோக்கியும் சில மின் நிலையத்தை நோக்கியும் பிரிகின்றன. அதைப் பார்ப்பவருக்குத் திட்டமிட்ட திசைதிருப்பல் போலவே தோன்றுகிறது. வெள்ளோடு சரணாலயத்தின் மேல் பறவைக் கூட்டம் ஒரே உடலாக வளைந்து திரும்புவதற்கும் தலைவன் என்று ஒரு பறவை தேவையில்லை. அருகிலிருப்பதோடு மோதாதே, அதன் திசையில் செல், கூட்டத்தை விட்டு விலகாதே என்ற மூன்று விதிகளிலிருந்தே அத்தகைய அசைவை உருவாக்க முடியும் என்று கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987இல் கணினியில் காட்டினார்.

மாணவி உணர்ந்த 'முன்கூட்டியே அறியும் ஆற்றல்' இங்கிருந்துதான் வருகிறது. காவல் குறைந்த கோளுக்கு மதிப்பெண் கூடுகிறது, அவ்வளவே. குலுக்கலால் வேறு கோள்களுக்குச் சென்ற தாக்குதல்களை நாம் மறந்துவிடுகிறோம். நம் பலவீனத்தில் விழுந்ததை மட்டும் நினைவில் வைக்கிறோம். காங்கேயம் அருகே சிவன்மலை முருகன் கோயிலில் உத்தரவுப் பெட்டிக்குள் ஒரு பொருள் வைக்கப்பட்டதும், அடுத்து நாட்டில் நடப்பதையெல்லாம் அப்பொருளோடு இணைத்துப் பேசுவதை நம் பகுதியில் அனைவரும் கேட்டிருப்போம். பக்தி அவரவர் உரிமை. பொருந்தாமல் போனவற்றையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த எதிராளியின் மற்றொரு சிறப்பு, அது மனிதரைப்போல நடிக்காததுதான். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளுக்கு ஒரு விதி, பதினைந்து ஆடுகளுக்கு வேறு விதி. அதை ஏமாற்று என்று எவரும் சொல்வதில்லை, ஏனெனில் இரு தரப்புக்கும் விதிகள் தெரியும். 'ஏஐ வார்' விளையாட்டிலும் அவ்வாறே. தொடக்கத்தில் அண்டம் முழுவதும் இரண்டு கணினி எதிராளிகளின் கையில் இருக்கும். மனிதர்களிடம் ஒரு கோள் மட்டுமே. கணினி நம்மைப்போலக் கனிமம் தோண்டிப் பொருள் சேர்ப்பதில்லை. அதன் படைபலத்தைத் திரையில் வெளிப்படையாகத் தெரியும் ஓர் எண் தீர்மானிக்கிறது. நாம் ஒரு கோளைக் கைப்பற்றும்போதெல்லாம் அந்த எண் உயர்ந்து, அடுத்து வரும் படை பெருகும். எதிரியின் தரவு மையங்கள் போன்ற சில நிலையங்களை அழித்தால் குறையும். அண்டத்தையே ஆளும் எதிராளி நம்மைத் தொடக்கத்தில் ஒரு பொருட்டாகக் கருதவில்லை, நாம் வளர வளரத்தான் விழித்துக்கொள்கிறது என்ற கதையை அந்த ஒற்றை எண் சுமக்கிறது. கண்ணில் பட்ட கோளையெல்லாம் பிடித்துப் பழகியவர்கள் இங்கே விரைவில் தோற்கிறார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் முதலில் உளவுக் கப்பல்களை அனுப்பி, வெற்றிக்கு எந்தெந்தக் கோள்கள் இன்றியமையாதவை என்று பட்டியலிட்டுக்கொண்டு, மற்றவற்றை எதிரியிடமே விட்டுவிட்டு அவற்றின் வழியே கடந்து செல்கிறார்கள்.