தங்க அரிசிக்கு மஞ்சள் நிறம் எப்படி வந்தது?

நெற்பயிரின் இலைகளில் பீட்டா கரோட்டின் என்ற மஞ்சள் நிறமி தாராளமாக இருக்கிறது. ஒளிச்சேர்க்கையின்போது அதிக வெயிலால் வரும் சேதத்தைத் தடுக்க அது இலைக்குத் தேவை. நாம் சமைத்துச் சாப்பிடும் வெள்ளை அரிசியில்தான் அது கிடையாது. அரிசி என்பது விதைக்குள் மாவு சேரும் கருவூண். பீட்டா கரோட்டினைத் தயாரிக்கும் வேலை அங்கே முதல் படியிலேயே நின்றுபோகிறது.

இந்தப் பொருளை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அது போதாத குழந்தைகளுக்குப் பார்வை பறிபோகும், தட்டம்மை போன்ற நோய்கள் உயிரையே பறிக்கும். சோற்றைத் தவிர வேறு அதிகம் கிடைக்காத குடும்பங்களில்தான் இந்தக் குறைபாடு அதிகம். சரி, சோற்றிலேயே அதை வைத்துவிட்டால் என்ன என்று யோசித்தவர்கள் இங்கோ போட்ரிகஸ், பீட்டர் பேயர் என்ற இரு விஞ்ஞானிகள். மரபணு மாற்றி அவர்கள் உருவாக்கிய மஞ்சள் அரிசிதான் தங்க அரிசி. 2000-இல் அவர்கள் குழுவின் ஆய்வு வெளிவந்தது.

கருவூணில் பீட்டா கரோட்டினுக்கான மூலப்பொருள் ஏற்கெனவே உண்டு. அதன் இரண்டு மூலக்கூறுகளை ஒரு நொதி இணைத்தால் ஃபைட்டோயீன் கிடைக்கும்; அதற்கு நிறமில்லை. அடுத்த கட்டத்தில் அது சிவப்பான லைகோபீன் ஆகிறது. லைகோபீனின் இரு முனைகளும் வளையமாகச் சுருண்டால் பீட்டா கரோட்டின். முதல் நொதிக்கான மரபணுவை டாஃபோடில் பூச்செடியிலிருந்து எடுத்தார்கள். செடிகள் பல நொதிகளை வைத்துச் செய்யும் இரண்டாவது வேலையை ஒரு பாக்டீரியா ஒற்றை நொதியில் முடித்துவிடுகிறது. அதன் மரபணுவையும் சேர்த்தார்கள். இவற்றை நெல்லுக்குள் கொண்டுபோய் வைத்தது அக்ரோபாக்டீரியம் என்ற இன்னொரு பாக்டீரியா. தன் டிஎன்ஏவைச் செடிக்குள் செலுத்துவது இயற்கையிலேயே அதன் பிழைப்பு.

வளையமாக்கும் நொதிக்கும் ஒரு மரபணு தேவைப்படும் என்றுதான் நினைத்தார்கள். அதைச் சேர்க்காத செடிகளின் அரிசியும் சிவக்காமல் மஞ்சளாகவே வந்தது! கருவூணில் அந்த நொதி ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது. இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் கிடைத்தது ஒரு கிராம் அரிசிக்கு 1.6 மைக்ரோகிராம் கரோட்டினாய்டுகள்தான். இதை வைத்து என்ன செய்வது என்று எதிர்ப்பாளர்கள் கேலி செய்தார்கள், அன்றைக்கு அது நியாயமான கேள்வி. 2005-இல் டாஃபோடில் மரபணுவுக்குப் பதில் மக்காச்சோள மரபணுவை வைத்ததும் அளவு 37 மைக்ரோகிராம் வரை உயர்ந்தது.

அப்புறம் இன்னொரு சிக்கல். அக்ரோபாக்டீரியம் மரபணுவை எங்கே செருகும் என்று நம்மால் தீர்மானிக்க முடியாது. இந்திய ஆய்வாளர்கள் தங்க அரிசியின் ஒரு வடிவத்தை ஸ்வர்ணா ரகத்தோடு கலந்தபோது பயிர் குட்டையாகி, விளைச்சலும் விழுந்தது. புதிய மரபணு, ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைக் கடத்த உதவும் நெல்லின் சொந்த மரபணு ஒன்றுக்குள் போய் உட்கார்ந்திருந்ததை 2017-இல் வெளியிட்டார்கள். அதே மரபணு வேறிடத்தில் செருகப்பட்ட வடிவத்துக்கு இந்தப் பழி பொருந்தாது. அதனால் 'மரபணு மாற்றுப் பயிர் நல்லதா கெட்டதா' என்ற பட்டிமன்றத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. எந்தப் பயிர், எந்தச் செருகல் என்று தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

பிலிப்பைன்ஸில் 2013-இல் தங்க அரிசியின் சோதனை வயல் ஒன்றை எதிர்ப்பாளர்கள் பிடுங்கி எறிந்தார்கள். 2021-இல் அந்நாட்டு அரசு சாகுபடிக்கு அனுமதி தந்தது. 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது.

இந்தியாவில் பேச்சு இப்போது மரபணுத் திருத்தத்துக்கு நகர்ந்திருக்கிறது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட கமலா, பூசா டிஎஸ்டி ரைஸ் 1 ஆகிய ரகங்களில் வேற்று உயிரின் மரபணு மிச்சமில்லை; நெல்லின் சொந்த மரபணுவிலேயே சிறு மாற்றம். இவ்வகைத் திருத்தங்களுக்கு 2022-லேயே மரபணு மாற்றுப் பயிர்களுக்கான கடுமையான விதிகளிலிருந்து விலக்கு தரப்பட்டுவிட்டது. திருத்தம் தவறான இடத்திலும் விழுந்திருக்கிறதா என்பதை முழு மரபணுத்தொகுதியையும் படித்துச் சரிபார்க்க முடியும். அந்தத் தரவைப் பொதுவில் வையுங்கள் என்று கேட்பவர்களை அறிவியலுக்கு எதிரிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.