காளான் சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழித்து வாந்தி வந்தது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நாலைந்து நாள் மாலை மழை விடாமல் பெய்துவிட்டால், பால்மர (ரப்பர்) காட்டோரங்களிலும் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டங்களிலும் தாமான் என்னும் குடியிருப்புகளின் திடல்களிலும் காளான் முளைத்துவிடும். அந்த நாள்களில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று கிளினிக்கிற்கு வருபவர்களிடம், பறித்த காளான் ஏதும் சாப்பிட்டீர்களா என்று நான் தவறாமல் கேட்பேன்.

காளான் பறிக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. பட்டுப்போன பால்மரக் கட்டையில் ஒட்டி வளரும், மலாயில் சென்டாவான் கூக்கூர் எனப்படும் காளான், பழம் நீக்கிய செம்பனை வெறுங்குலைக் குவியல்களில் முளைக்கும் வைக்கோல் காளான், கறையான் புற்றிலிருந்து கிளம்பும் புற்றுக்காளான் ஆகியவற்றைப் பார்த்ததுமே இனங்காணும் பெரியவர்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளுக்கோ, காளான் கறியின் ருசி நினைவிருக்கும் அளவுக்கு அதன் அடையாளம் நினைவில்லை.

தவறு எளிதில் நேர்வது புற்றுக்காளானில்தான். திடல்களிலும் வீட்டு முன் புல்லிலும் வெள்ளைக் குடையாக விரியும் குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ் என்னும் நச்சுக் காளான், பார்வைக்கு அதைப் போலவே இருக்கும். ஓர் அம்மா நாளிதழில் சுற்றிக் கொண்டுவந்த காளானின் குடையைத் திருப்பிப் பார்த்தபோது, அடிப்புற மடிப்புகள் சாம்பல் கலந்த பச்சையாக மாறியிருந்தன. தண்டில் ஒரு வளையம் இருந்தது. குடையின் மேல் பழுப்புச் செதில்கள் ஒட்டியிருந்தன. இளம் காளானில் இந்தப் பச்சை தெரியாது என்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து ஓர் இரவு மூடி வைத்தால், இதன் வித்துத்தூள் பச்சையாகப் படியும். புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்பு. புற்றுக்காளானின் தண்டு, தோண்டத் தோண்ட வேர்போல மண்ணுக்குள் புற்றுவரை இறங்கும். ஒடித்துப் பறிப்பவருக்கு அந்த முக்கிய அடையாளம் கைக்கு வருவதே இல்லை.

சமைக்கும்போது போட்ட வெள்ளிக் காசு கறுக்கவில்லை, பூண்டு நிறம் மாறவில்லை, குரங்கு தின்கிறது, ஆகவே நல்ல காளான் என்று சொல்பவர்களை இன்றும் சந்திக்கிறேன். இவற்றில் ஒன்றுகூட நஞ்சைக் காட்டித்தராது. அமானிட்டா இனத்தின் சில காளான்களில் உள்ள அமாடாக்சின் என்னும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் காயவைத்தாலும் அழியாது. அமானிட்டா இனக் காளான்கள் மலாயாவில் வளர்வதை கார்னர், பாஸ் என்னும் ஆய்வாளர்கள் 1962-லேயே விரிவாகப் பதிவு செய்துள்ளனர். அவை மொட்டாக இருக்கும்போது வைக்கோல் காளானின் மொட்டைப் போலவே உறைக்குள் இருக்கும்.

நான் மணிக்கணக்கைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. புல்லில் முளைக்கும் அந்தக் குளோரோஃபில்லம் காளான் பெரும்பாலும் 1 முதல் 3 மணி நேரத்திற்குள் கடும் வாந்தியைத் தந்துவிடும். சிறு பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் நீரிழப்பு ஆபத்தானது என்றாலும், உரிய சிகிச்சையில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். அமாடாக்சினோ 6 மணி நேரத்திற்கும் மேல் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து, அதன் பிறகே வயிற்றைப் புரட்டும். மறுநாள் வாந்தி நின்று, நோயாளி கஞ்சி குடித்து எழுந்து உட்காரும்போது, வீட்டார் நிம்மதியடைந்து மருத்துவமனைக்குப் போகும் எண்ணத்தையே கைவிடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் கல்லீரல் உயிரணுக்கள் புரதம் உருவாக்க முடியாமல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நான்காம் நாளில் கண் மஞ்சளாகி வருபவரைக் காப்பாற்றுவது மிகக் கடினம். சீக்கிரமே வாந்தி வந்துவிட்டது என்பதால் மட்டும் அச்சம் நீங்கிவிடாது. ஒரே சட்டியில் இரண்டு வகைக் காளான் கலந்திருக்கக்கூடும்.

எனவே சந்தேகம் வந்தவுடன், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காமல், அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். அதே கறியைச் சாப்பிட்ட மற்றவர்கள் நலமாகத் தோன்றினாலும் உடன் அழைத்து வாருங்கள். மிஞ்சிய காளானை, சமைத்ததாக இருந்தாலும் கொண்டு வாருங்கள். பறித்த காளானைப் பிளாஸ்டிக் பையில் இட்டால் விரைவில் அழுகிவிடும். காகிதத்தில் சுற்றி, எங்கே பறித்தது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்பதை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்திடம் மருத்துவர்கள் ஆலோசனை கேட்கும்போது, இந்த விவரங்கள்தாம் முதலில் தேவைப்படும்.