ஒரு நாவலை எத்தனை துண்டாக விற்கலாம்?

‘தி ஹாபிட்’, ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவல்கள் இரண்டின் சினிமா உரிமையையும் அவற்றை எழுதிய டோல்கீன் 1969-லேயே யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். 1976-இல் அது தயாரிப்பாளர் சால் சேன்ட்ஸிடம் கைமாறியது. 1973-இல் டோல்கீன் இறந்தபோது வாரிசுகள் கையில் மிஞ்சியது, அந்தப் பத்திரத்தில் எழுதப்படாமல் விடுபட்டவை மட்டும்தான். நீண்ட டி.வி. தொடர் எடுக்கும் உரிமை அப்படி விடுபட்ட ஒன்று. 1969-இல் அதற்குப் பெரிய மதிப்பில்லை. 2017-இல் அமேசான் அதை வாங்கியபோது பேசப்பட்ட தொகை சுமார் 25 கோடி டாலர்.

நாவலை ‘விற்பது’ என்று நாம் சொல்வது நடைமுறையில் மனையை பிளாட் போடுவதைப் போன்ற வேலை. சினிமா, டி.வி. தொடர், மேடை, வானொலி, பொம்மை, வீடியோ கேம் என்று ஒவ்வொன்றும் தனித்துண்டு. ஒவ்வொன்றுக்கும் எந்த நாடு, எத்தனை ஆண்டு என்ற எல்லையும் உண்டு. எந்தப் புத்தகம் என்பதும் எல்லைதான். அமேசானுக்குக் கிடைத்தது மேற்சொன்ன இரண்டு நூல்களும் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ பின்னிணைப்புகளும். டோல்கீனின் இன்னொரு நூலான ‘தி சில்மரில்லியன்’ கிடைக்கவில்லை. ஆகவே, அந்த நூலில் விரிவாக வரும் காலகட்டத்தைப் பற்றிய தொடரை, அந்த நூலைத் தொடாமலே, பின்னிணைப்பில் இருக்கும் சில பக்கக் குறிப்புகளை வைத்துக் கட்டவேண்டி வந்தது. திரைக்கதை ஏன் அங்கங்கே ஒட்டுப்போட்டது போல இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு பாதி பதில் இதில் இருக்கிறது.

பெரும்பாலும் முதலில் கையெழுத்தாவது விற்பனைப் பத்திரம் அல்ல, ‘ஆப்ஷன்’. குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாருக்கும் தரமாட்டோம் என்ற உறுதி அது. முழு விலை 5 லட்சம் டாலர் என்று வைத்துக்கொண்டால், அதில் சுமார் 10 சதவீதம், அதாவது 50,000 டாலர், 12 முதல் 18 மாத ஆப்ஷனுக்கு முன்பணம். இன்னொரு தொகை கட்டினால் கெடு நீளும். மீதிப் பணம் பெரும்பாலும் கேமரா ஓடத் தொடங்கும் நாளில்தான் வரும். முழு விலையைப் படத்தின் பட்ஜெட்டில் இரண்டு மூன்று சதவீதம் என்று வைத்து, அதற்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் போடுவது வழக்கம். ஆப்ஷன் எடுத்த கதைகளில் பெரும்பாலானவை படமாவதே இல்லை என்பதால், வாரிசுகளுக்கு உண்மையான பாதுகாப்பு தொகையில் இல்லை. கெடு முடிந்தால் உரிமை தானாகத் திரும்பிவர வேண்டும் என்ற பிரிவில் இருக்கிறது.

அந்தப் பிரிவிலும் ஓட்டை விழும். ‘தி வீல் ஆஃப் டைம்’ நாவல் வரிசையை எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007-இல் இறந்தார். திரையுரிமை 2015 பிப்ரவரி 11 அன்று அவர் மனைவி ஹாரியட் மெக்டூகலின் நிறுவனத்துக்குத் திரும்ப வேண்டியது. அதற்கு இரண்டு நாள் முன்பு, அதிகாலை ஒன்றரை மணிக்கு, அமெரிக்காவின் எஃப்.எக்ஸ்.எக்ஸ் சேனலில் காசு கட்டி எடுத்த நேரத்தில் அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்று ஓடியது. விளம்பரமும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. உரிமையை வைத்திருந்தவர்கள் எடுத்த ‘முதல் எபிசோடு’ அது. தனக்குத் தெரியாமலே நடந்தது என்றார் மெக்டூகல். வழக்கு, சமரசம் எல்லாம் முடிந்து, 2021-இல்தான் முறையான தொடர் வந்தது. ‘தயாரிப்பு தொடங்கினால்’ உரிமை திரும்பாது என்று மொட்டையாக எழுதினால் இந்த ஆபத்து உண்டு. குறைந்தபட்ச பட்ஜெட், நீளம், எங்கே எப்படி வெளியாக வேண்டும் என்பது வரை எழுதினால்தான் கெடு கெடுவாக இருக்கும்.

லாபப் பங்கில் சண்டை இன்னும் சகஜம். டோல்கீனின் 1969 ஒப்பந்தப்படி, தயாரிப்புச் செலவைப் போல 2.6 மடங்கு வசூலான பிறகு, மொத்த வசூலில் 7.5 சதவீதம் வரவேண்டும். நிகர லாபத்தில் பங்கு கேட்காமல் மொத்த வசூலில் கேட்டது புத்திசாலித்தனம். ஸ்டுடியோ கணக்கில் நிகர லாபம் என்பது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத பொருள். அப்படியிருந்தும் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்கள் மூன்றும் உலகெங்கும் ஓடி முடிந்தபின், 2008-இல் வழக்குப் போட்டுத்தான், 2009 சமரசத்தில் பணம் வந்தது. கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்யும் உரிமை இல்லாத சதவீதத்தை நம்பக்கூடாது.

2012-இல் அதே வாரிசுகள் இன்னொரு வழக்குப் போட்டார்கள். பழைய பத்திரம் தந்தது கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருட்களுக்கான உரிமை: பொம்மை, பீங்கான், துணிமணி மாதிரி. ஸ்டுடியோ தரப்பிலோ ஆன்லைன் சூதாட்ட மெஷின் வரை போய்விட்டார்கள். 8 கோடி டாலர் கேட்ட இந்த வழக்கு 2017-இல் சமரசமானது. நம் நாட்டுச் சட்டம் இந்தச் சிக்கலை 2012 திருத்தத்தில் நேராகவே தொட்டது: ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத ஊடகத்தை அதில் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால், அந்த உரிமை வாங்கியவருக்குப் போகாது.

எல்லையைச் சரியாகப் பிரிக்காவிட்டால் படமெடுத்தவருக்கும் நஷ்டம். உர்சுலா லெ குவின் எழுதிய ‘எர்த்சீ’ கதைகளை ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ 2006-இல் படமாக்கியது. அமெரிக்க உரிமை 2004-இல் மினி தொடர் எடுத்த சேனலிடம் இருந்ததால், அங்கே 2010 வரை வெளியிட முடியவில்லை. அந்த மினி தொடரில் லெ குவினுக்கு ‘ஆலோசகர்’ என்ற இடம் இருந்தது. ஆனால் தன் கதாபாத்திரங்களின் தோல்நிறம் மாற்றப்பட்டதை அவரால் தடுக்க முடியவில்லை. ஆலோசனை வேறு, ஒப்புதல் வேறு. ஒப்புதல் உரிமையை ஸ்டுடியோக்கள் லேசில் தருவதில்லை.

கடைசி எல்லை காலம். ‘நார்னியா’ எழுதிய சி.எஸ். லூயிஸ் 1963-இல் இறந்தார். இந்தியாவில் பதிப்புரிமை, ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டு. எனவே அவர் காலத்தில் வெளியான நூல்கள் 2024 ஜனவரி 1 முதல் இங்கே பொதுச்சொத்து. பிரிட்டனில் 70 ஆண்டு. 2034 வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு என்பதால் 1950-இல் வந்த முதல் நூலுக்கே 2046 ஆகும். ஏழு நூல்களின் உரிமையையும் 2018-இல் நெட்ஃபிளிக்ஸ் வாங்கியது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் இருக்கும். இங்கே யாராவது தமிழில் நார்னியா படமெடுத்தால் நூல் பற்றிய தடை இல்லை. ஆனால் லண்டனிலோ நியூஜெர்சியிலோ திரையிட முடியாது, ஓ.டி.டி.யில் அந்த நாடுகளை மறைக்க வேண்டும். நார்னியா நூல்களுக்குப் படம் வரைந்த ஓவியர் பாலின் பெய்ன்ஸ் 2008-இல்தான் இறந்தார் என்பதால், அவர் வரைந்த கதையின் சிங்கத்தை அப்படியே போஸ்டரில் போடவும் கூடாது.